சிம்ஸ் 4 விளையாட்டில் சுவரும் கூரையும்: ஒரு விமர்சனம்

தி சிம்ஸ் 4, மாக்சிஸ் உருவாக்கி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2014 செப்டம்பரில் வெளியிட்ட கணினி விளையாட்டு. குடும்பம் நடத்துவதைவிட வீடு கட்டுவதற்காகவே இதை ஆடுபவர்கள் பலர். அவர்களை அடிக்கடி நிறுத்திவைக்கும் தொல்லை ஒன்று உண்டு. சுவர் எழுப்பிக் கூரை போட்டதும், சுவரின் தலைக்கும் கூரைச் சரிவுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு திறப்பு தெரியும். அல்லது ஒரு கூரையின் விளிம்பு பக்கத்துக் கூரைக்குள் புகுந்து நிற்கும். புதிதாக ஆடுபவர் இதைத் தன் கைத்தவறு என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் தவறு பெரும்பாலும் கருவியின் அமைப்பில் இருக்கிறது.

இந்த விளையாட்டில் சுவருக்குக் குட்டை, நடுத்தரம், நெட்டை என மூன்று உயரங்கள் உண்டு. ஆனால் உயரம் சுவருக்கு உரியதல்ல, தளத்துக்கு உரியது. ஒரு தளத்தில் நெட்டைச் சுவரைத் தேர்ந்தால் அந்தத் தளத்தின் எல்லாச் சுவரும் நெட்டையாகிவிடும். கூரை தனிப் பொருள். தளத்தின் மேல்மட்டத்தில்தான் உட்காரும். அதன் சரிவையும் விளிம்பையும் இழுத்து மாற்றலாம், உட்காரும் மட்டத்தை மாற்ற முடியாது.

ஓர் எளிய அமெரிக்க வீட்டை எடுத்துக்கொள்வோம்: உயரமான நடுக்கூடம், அதன் பக்கத்தில் ஒட்டிய சிறு சமையலறை. நிஜத்தில் சமையலறைச் சுவர் தாழ்ந்திருக்கும். அதன் ஒற்றைச் சரிவுக் கூரை, கூடத்துச் சுவரில் பாதி உயரத்தில் வந்து சேரும். விளையாட்டில் இரண்டும் ஒரே உயரம். ஆகவே இரண்டு கூரையும் ஒரே மட்டத்தில் தொடங்கி ஒன்றோடொன்று மோதும். கூடத்தை உயர்த்தவேண்டுமானால் அதன்மேல் இன்னொரு தளம் முழுவதாக ஏற்றவேண்டும். அப்போது அளவு கெட்டு, வீடு கோபுரம்போல் நிற்கும்.

இதற்கு ஆட்டக்காரர்கள் கையாளும் வழிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சிறந்தது, திறப்பு இருக்கும் இடத்தில் மேல்தளத்தில் கூரைக்குள்ளேயே சுவர் வரைவது. கூரையைத் தாண்டும் பகுதியை விளையாட்டே சரிவின்படி வெட்டிவிடும். கீழ்ச்சுவரின் பூச்சையே அதற்கும் கொடுத்தால் ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. கொத்தனார் முக்கோணச் சுவரைக் கட்டி அடைப்பதும் ஏறக்குறைய இதேதான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கூரையின் ஒரு பக்க விளிம்பை மட்டும் நீட்டி, அதையே வராண்டாவின் கூரையாக்குவது இரண்டாவது வழி. திறந்த வராண்டாவுக்கு இது அழகாகப் பொருந்தும். அங்கே முழுச் சுவர் இருந்தால் அதன் தலை ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். மூன்றாவது, பொருள் நகர்த்தும் சீட் குறியீட்டைப் போட்டு, மரச்சட்டத்தையோ கொடியையோ திறப்பின்மேல் வைத்து மறைப்பது. படம் பிடிக்க இது போதும். கட்டுமானம் என்று இதைச் சொல்வது கடினம்.

மூன்றாவது வழி இவ்வளவு பரவியதற்கு விளையாட்டும் இடம் தந்திருக்கிறது. இங்கே கூரைக்கு வேலையே இல்லை. சுவர்கள் மூடிக்கொண்டால் அறை உள்ளிடமாகிவிடும். ஓடே போடாவிட்டாலும் மழை உள்ளே வராது. 2018-இல் வந்த சீசன்ஸ் விரிவாக்கம் மழையையும் பனியையும் கொண்டுவந்த பிறகும் இது மாறவில்லை. ஒழுகாத திறப்பை எதற்காகச் சரியாக அடைப்பது? கண்ணுக்குப் படாவிட்டால் போதும் என்றாகிவிடுகிறது.

முதல் சிம்ஸ் விளையாட்டை (2000) வடிவமைத்த வில் ரைட், 1991-இல் ஓக்லாந்து மலைப்பகுதித் தீயில் தன் வீட்டை இழந்தவர். வாழ்க்கையை மீண்டும் ஒழுங்குபடுத்திய அந்த அனுபவமும், கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவர் குழுவினரும் 1977-இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' என்ற கட்டடக்கலை நூலும் அவருடைய யோசனைக்குத் தூண்டுதலாயின. அந்த நூல் கூரைக்கெனத் தனி இயலே ஒதுக்குகிறது. கூரை வீட்டின் தலையில் வைத்த தொப்பியாக இருக்கக்கூடாது, மனிதர் புழங்கும் இடம் அதன் சரிவுக்குள்ளேயே அமையவேண்டும் என்பது அதன் வாதம். அந்த நூலைப் படித்து வளர்ந்த ஒரு தொடரின் நான்காம் பாகத்தில் கூரை தொப்பியாகவே இருப்பது முரண்தான்.

முந்தைய பாகங்கள் இதைவிட மேலானவை என்றும் சொல்லிவிட முடியாது. முதல் பாகத்தில் கூரையை விளையாட்டே போட்டுக்கொண்டது. சிம்ஸ் 2 (2004), சிம்ஸ் 3 (2009) இரண்டிலும் தரைமட்டக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ஒரு சீட் குறியீடு இருந்தது. பொறுமைசாலிகள் அதைக்கொண்டு சுவரின் தலையையே வேண்டிய உயரத்துக்கு இறக்கிக் கூரையோடு சேர்த்தார்கள். ஒரு சதுரம் பிசகினால் முழு வேலையும் குலையும். ஆனால் சேர்ந்தால் உண்மையாகவே சேர்ந்தது. நான்காம் பாகம் அந்தக் குறியீட்டை விட்டுவிட்டு, இழுத்தாலே வளரும் கூரையையும் மூன்று சுவர் உயரங்களையும் தந்தது. முதன்முறை வீடு கட்டுபவருக்கு இது பெரிய இலாபம். நூறாவது வீடு கட்டுபவருக்கு அந்த மூன்று உயரங்கள் போதவில்லை.

2020 நவம்பரில் இலவசமாக வந்த மேடைக் கருவி, ஒரே தளத்துக்குள் அறைத் தரைகளை வெவ்வேறு மட்டத்தில் ஏற்றவும் தாழ்த்தவும் வழிசெய்தது. தளம் முழுவதற்கும் ஒரே தரை என்ற விதியை அதற்காகத் தளர்த்தினார்கள். தளம் முழுவதற்கும் ஒரே சுவர் உயரம் என்ற விதியை அப்படியே விட்டுவிட்டார்கள்.