எவர்சில்வரில் ஒரு கோபுரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை நீங்கள் நேரில் பார்த்திராவிட்டாலும் படத்தில் பார்த்திருப்பீர்கள். பதினொரு நிலைகளும் ஏறத்தாழ 192 அடி உயரமும் கொண்ட அக்கோபுரமே நம் மாநில அரசின் சின்னத்தில் இருப்பது என்பது ஊராரின் பெருமை. மதுரைக் கோபுரம்தான் அது என்று வாதிடுவோரும் உண்டு. 1949-இல் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் காகிதத்தில் வரைந்த அச்சின்னத்தை இன்று எவர்சில்வர் தகட்டில் செய்து வாயில்களில் பதிக்கிறார்கள். பதித்தபின் மேற்சொன்ன வழக்குக்கே இடமில்லை. எந்தக் கோபுரமும் தெரிவதில்லை!

எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றின் வாயிலில் இப்படி ஒன்றைக் கண்டேன். ஒரு மீட்டர் விட்டம். முகம் பார்க்கும் பளபளப்பு. நண்பகலில் கண் கூசியது. மாலையில் எதிரிலிருந்த வேப்பமரமும், போகிற பஸ்ஸும் அதில் அழகாகத் தெரிந்தன. கோபுரத்தை மட்டும் காணோம்.

காரணம் எளிது. காகிதம் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது; அதன்மேல் கறுப்புக் கோடு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பளபளப்பான உலோகமோ கண்ணாடிபோல் ஒழுங்கான எதிரொளிப்பைத் தருகிறது. உருவமும் பின்னணியும் ஒரே பளபளப்பாக இருந்தால் இரண்டும் சுற்றுப்புறத்தையே காட்டும்.

இரண்டாவது குறை, நுணுக்கம். நம் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதாவது, 30 மீட்டர் தொலைவில் 9 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தச் சின்னத்திலோ 2 மில்லிமீட்டர்க் கோடுகள்! சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வுழைப்பு வீண்.

மூன்றாவது, பற்றவைத்த இடங்களில் பழுப்புப் புள்ளிகள். 'எவர்சில்வர் துருப்பிடிக்குமா?' என்பீர்கள். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அதுவே காவல். சாதாரண இரும்பைத் தேய்த்த சக்கரத்தாலேயே இதையும் தேய்த்தால் இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருவேறும். பற்றவைக்கும் சூடும் படலத்தைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் அமிலத்தால் சுத்தம் செய்திருந்தால் இக்கறை வந்திராது.

அப்படியானால் எவர்சில்வர் சின்னத்துக்கு ஆகாதா? தாராளமாக ஆகும். உங்கள் வீட்டுத் தம்ளரை எடுத்துப் பாருங்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவர் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கிறார். கொத்திய இடம் ஒளியைச் சிதறடிக்கிறது, சுற்றிலும் பளபளப்பு. அதனால்தான் பெயர் பளிச்சென்று தெரிகிறது. 1992 முதல் நம் ஒரு ரூபாய் நாணயமும் துருவேறா எஃகுதான். அதில் சிங்கங்களைச் சில வளைவுகளில் அடக்கி, மேடாக எழுப்பியிருக்கிறார்கள். விரல்நுனி அளவிலும் அடையாளம் தெரிகிறது.

சின்னம் செய்வோர் இவ்விரண்டையும் கற்றால் போதும்: பின்னணியைச் சொரசொரப்பாக்கி உருவத்தை மட்டும் மெருகிடுங்கள், காகிதப் படத்தை அப்படியே வெட்டாமல், பார்க்கும் தொலைவுக்கேற்பக் கோடுகளைக் குறைத்துத் தடிப்பாக்குங்கள். சின்னத்தின் அடியில் 'வாய்மையே வெல்லும்' என்று பொறித்திருக்கிறோம். அதைச் சாலையில் போகிற மாணவன் முதலில் படிக்க முடியவேண்டாமா?