இருவர் பாணி: மாற்று பாப் இசையில் இரு பள்ளிகள்

இருவராகவே நின்று, கூட்டத்தோடு சேராமல் பாப் இசை செய்தவர்களில் இரண்டு பள்ளிகளைத் தலையாயவை என்பேன். மூத்தது லாஸ் ஏஞ்சலஸின் ‘ஸ்பார்க்ஸ்’. தம்பி ரஸ்ஸல் மேல் உச்சஸ்தாயியில் பாட, அண்ணன் ரான் முகத்தில் சலனமே இல்லாமல் கீபோர்டு வாசிப்பார். 1974-இல் ‘கிமோனோ மை ஹவுஸ்’ அவர்களுக்குப் பிரிட்டனில் பேர் வாங்கித் தந்தது. 2008-இல் லண்டனில் 21 இரவுகளில் தங்கள் 21 ஆல்பங்களையும் முழுக்க வாசித்தார்கள். நாடகத்தனமான மிகைதான் இந்தப் பள்ளியின் உயிர்.

இளையது 1982-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘தே மைட் பி ஜயன்ட்ஸ்’. ஜான் லின்னல் அக்கார்டியன், ஜான் ஃப்ளான்ஸ்பர்க் கிதார். பக்கவாத்தியத்துக்கு டிரம் மெஷினும் டேப்பும். பத்தாண்டு இப்படியே ஓட்டிவிட்டுத்தான் முழுக் குழு சேர்த்தார்கள். இவர்களுடைய பலம் சுருக்கம். அந்தச் சுருக்கம் பழகிய இடம் ஒரு டெலிபோன். லின்னலுக்கு மணிக்கட்டு முறிந்து, ஃப்ளான்ஸ்பர்க் வீட்டில் திருட்டும் போய், கச்சேரி நின்றிருந்த சமயம், பதில் சொல்லும் இயந்திரத்தில் பாட்டுகளைப் பதிந்து வைத்தார்கள். புரூக்ளின் எண்ணுக்குப் போன் செய்தால் பாட்டு கேட்கும், ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். பிடிக்கவில்லை என்றால் அவர் ரிசீவரை வைத்துவிடுவார். அத்தகைய ரசிகரை முதல் வரியிலேயே பிடித்தாக வேண்டும்.

1990-இல் ‘ஃப்ளட்’ ஆல்பத்தின் ‘பேர்ட்ஹவுஸ் இன் யுவர் சோல்’ பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை ஏறியது. பாடுவது ஒரு படுக்கையறை இரவு விளக்கு! வார்த்தை எவ்வளவு கோணலாகப் போனாலும் மெட்டு கட்டுக்கோப்பாக நிற்கிறது. இந்த மரபுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான். போலிகள் கோணலை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டைக் கோட்டை விட்டார்கள். 1992-இல் ‘ஃபிங்கர்டிப்ஸ்’ என்று 21 துணுக்குகள், சில ஒரு சில நொடிகளே. சிடி பிளேயரை ஷஃபிளில் போட்டால் அவை மற்ற பாட்டுகளுக்கு நடுவே சிதறி விழும்படி திட்டமிட்டிருந்தார்கள்.

பிறகு குழந்தைகளுக்குப் பாடப் போனார்கள். தரம் கொஞ்சமும் இறங்கவில்லை. சூரியனை எரியும் வாயுப் பிழம்பாகச் சொல்லும் 1959-ஆம் ஆண்டுப் பாடப் பாட்டு ஒன்றை 1993-இல் பதிவு செய்திருந்தார்கள். 2009-இல் ‘ஹியர் கம்ஸ் சயன்ஸ்’ ஆல்பத்துக்காக அதை மறுபடி பாடினார்கள். கூடவே, சூரியன் வாயு அல்ல, பிளாஸ்மா என்று திருத்திச் சொல்லும் புதுப் பாட்டு ஒன்றை எழுதி, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள்.