‘பாதிரியார்’ பிரெல்

பாரிசு நகரின் இசையரங்குகளில் 1950-களின் நடுப்பகுதியில், இளம் பாடகர் ஒருவருக்கு மூத்த பாடகர் ஒருவர் ‘பாதிரியார்’ என்று பட்டப்பெயர் சூட்டினார். சூட்டியவர் ழோர்ழ் பிராசன்ஸ். சமயப் பெரியோரை நகையாடுவதில் கைதேர்ந்தவர். பெற்றவர் பெல்ஜியத்திலிருந்து கித்தாரும் கையுமாக வந்திருந்த ழாக் பிரெல். அது பாராட்டன்று. பாட வந்தவன் பிரசங்கம் செய்கிறான் என்ற குத்தலே அதில் இருந்தது. பிரசங்கம் செய்வதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தக் குத்தல் சற்று உறைக்க வேண்டும். ஒரு கலைஞனை இகழ ‘பாதிரியார்’ என்ற ஒரு சொல் போதுமென்றால், நம்முடைய பேச்சு உலகின் செவியில் எவ்வாறு விழுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பிரெல் 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பிரசெல்சைச் சேர்ந்த ஸ்கார்பேக்கில் பிறந்தார். தந்தையார் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பங்குதாரர். மகனும் அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்டார். அங்கு அவருக்கு மனம் ஒட்டவில்லை. ‘பிராங்ஷ் கோர்தே’ என்னும் கத்தோலிக்க இளைஞர் இயக்கமே அவருக்கு மூச்சாயிருந்தது. பாட்டும் நாடகமும் நற்பணியும் கலந்த அவ்வியக்கத்தில் தாம் சந்தித்த பெண்ணையே 1950-இல் மணந்துகொண்டார். ழாக் கனெத்தி என்ற இசைத்தட்டு அதிகாரி 1953-இல் இவருடைய பாட்டைக் கேட்டு அழைப்பு விடுக்க, பாரிசுக்குப் போனார். முதல் இசைத்தொகுப்பு 1954-இல் வெளிவந்தது. அதை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1956-இல் பாடிய, அன்பு மட்டுமே கையிருப்பாக உள்ளவர்களைப் பற்றிய பாட்டு. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அன்பைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது, இல்லாதபோது என்று சார்பு வாக்கியங்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். முதன்மை வாக்கியம் கடைசியில்தான் வருகிறது. குரலும் அதற்கேற்ப முணுமுணுப்பில் தொடங்கி முழக்கத்தில் முடிகிறது. பிரசங்கக் கலை பயில்வோர் இதைக் கேட்டால் பயனடைவார்கள். ஆயினும் நான் இந்தப் பாட்டை அவருடைய சிறந்த படைப்புகளில் ஒன்றாகக் கொள்ளத் தயங்குகிறேன். பீரங்கிகளையும் அன்பு வென்றுவிடும் என்ற முடிவுக்குப் பாடகர் எந்த விலையும் கொடாமல் வந்து சேர்ந்துவிடுகிறார். இறையியல் கல்லூரி மாணவரின் முதலாண்டுப் பிரசங்கத்திற்குரிய நற்பண்பும் குறைபாடும் இரண்டுமே அதில் உண்டு. நானும் அத்தகைய பிரசங்கங்களைச் செய்தவன்தான். ஆகவே இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

இதைவிட ஆழமானது 1958-ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள ‘சொல்லுங்கள், இது உண்மையாயிருந்தால்’ என்னும் சிறு பகுதி. அது பாட்டுமன்று, வாசிப்பு. பெத்லகேமின் தொழுவம், தொலைவிலிருந்து வந்த ஞானிகள், சுவிசேஷகர்கள் எழுதிவைத்தவை ஆகிய இவையெல்லாம் உண்மையாயிருந்தால் என்று ஒருவன் கேட்டுக்கொண்டே போகிறான். மறுப்பவனுடைய குரல் அன்று அது. அறிக்கையிடுபவனுடைய குரலும் அன்று. விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு சொல்லையும் ‘ஆல்’ என்னும் விகுதியைச் சேர்த்துச் சொல்பவனுடைய குரல். நம் சபைகளில் பின்வரிசையில் அமர்ந்திருப்போர் பலர் இந்த இலக்கணத்தில்தான் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறார்கள் என்பதை, சபைப் பணியில் சில ஆண்டுகளாவது இருந்தவர் அறிவார்.

1959-க்குப் பின் பிரெல் வேறொரு கலைஞரானார். பியானோக் கலைஞர் ழெரார் ழுவானெஸ்ட், இசையமைப்பாளர் பிரான்சுவா ரோபேர் ஆகியோரின் துணை வாய்த்தது. கித்தாரை வைத்துவிட்டு, வெறுங்கையோடு, முகமும் தோளும் நடுங்க, வியர்வை வழிய அரங்கின் நடுவில் நின்றார். மேடையேறுமுன் அச்சத்தால் வாந்தியெடுப்பார் என்று உடனிருந்தோர் சொல்லியிருக்கின்றனர். பாடி முடித்தபின் எவ்வளவு கைதட்டினாலும் மறுபடி வந்து பாடமாட்டார். ‘ஆம்ஸ்டர்டாம்’ என்ற புகழ்பெற்ற பாட்டை அவர் இசைத்தட்டுக்கூடத்தில் பதிவுசெய்யவே இல்லை. 1964-இல் ஒலிம்பியா அரங்கில் பாடியதே நமக்குக் கிடைத்துள்ளது. துறைமுகத்தில் குடித்தும் அழுதும் சிரித்தும் கிடக்கும் மாலுமிகளை அவர் அதில் திருத்த முற்படவில்லை, பார்க்கிறார், அவ்வளவே. பாதிரியார் என்ற பட்டம் அவரைவிட்டு நீங்கியது இப்படித்தான். அதே வேளையில், மனிதர்மேல் அவர் வைத்த கவனம் கூடிற்று. நான் கூற விரும்புவது இதுவே: போதிப்பதை நிறுத்திய பின்னரே அவருடைய பாட்டுகளில் பரிவு உண்மையாயிற்று.

1963-இல் வெளிவந்த ‘முதியோர்’ இதற்குச் சான்று. படுக்கைக்கும் சன்னலுக்கும், பின்னர் படுக்கைக்கும் நாற்காலிக்கும், இறுதியில் படுக்கைக்கும் படுக்கைக்குமாகச் சுருங்கிப்போகும் வாழ்வை அதில் காண்கிறோம். கூடத்துச் சுவர்க்கடிகாரம் ஆமென்றும் இல்லையென்றும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. இறுதி அடிகளில் அக்கடிகாரம் காத்திருப்பது முதியோருக்காக மட்டுமன்று என்பது புலனாகிறது. தாளமே கடிகாரத்தின் அசைவாக அமைந்திருப்பதால் கேட்பவர் தப்பிக்க வழியில்லை. அடக்க ஆராதனைகளில் ஆறுதலை அவசரமாக எடுத்து நீட்டும் நமக்கு, அந்த நான்கு நிமிடப் பொறுமை கடினமான பாடம்.

இனி, நம்மைச் சுடுகிற பாட்டுக்கு வருவோம். அவர் பாடிய ‘பக்திமான்கள்’, கோயிலைச் சுற்றியே காலங்கழிக்கும் பெண்களை ஈவிரக்கமின்றி எள்ளுகிறது. அன்பு இருக்க வேண்டிய இடத்தில் சடங்கை வைத்து, அடி மேல் அடியாய் முதுமையடைகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் செபிப்பதைக் கண்டால் கடவுளே விசுவாசத்தை இழந்துவிடுவார் என்னுமளவுக்குப் போகிறார். இதனை ஆமோசின் குரலோடு ஒப்பிட்டு மெச்சிக்கொள்வது எளிது. ஒப்பீடு பொருந்தாது என்பது என் கருத்து. ஆமோஸ் பலிபீடத்தைச் சாடியபோது ஏழையை விற்றவனைச் சாடினார்; வல்லவனே அவருடைய இலக்கு. பிரெலின் இலக்கோ தனிமையில் முதிர்ந்த பெண்கள். விடியற்கால ஆராதனைக்கு முதலில் வந்து கடைசியில் போகிற அவர்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. பாடகருக்கும் அவர்கள் எளிய இரையாயினர். பெண்களைப் பற்றிய அவருடைய பாட்டுகள் பலவற்றில் இந்தக் கசப்பு உண்டு. ‘என்னை விட்டுப் போகாதே’ என்ற 1959-ஆம் ஆண்டுப் பாட்டை உலகம் காதற்பாட்டு என்று கொண்டாடுகிறது. அவரோ அதை ஆணின் கோழைத்தனத்தைப் பற்றிய பாட்டு என்று விளக்கினார். தம்மைப் பற்றி இவ்வளவு தெளிவாயிருந்தவர் அக்கோழைத்தனத்தின் மறுபக்கத்தில் நின்ற பெண்களைப் பற்றித் தெளிவடையவில்லை. மனைவியும் மூன்று பெண்மக்களும் பெரும்பாலும் பிரசெல்சில் இருக்க, அவர் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

குருக்களைப் பற்றி அவர் இவ்வளவு கடுமையாகப் பேசவில்லை என்பது வியப்பு. 1961-இல் வந்த ‘சாகிறவன்’ பாட்டில், இறக்கும் தறுவாயிலுள்ள ஒருவன் நண்பனிடமும், குருவானவரிடமும், மனைவியின் கள்ளக்காதலனிடமும், மனைவியிடமும் விடைபெறுகிறான். குருவானவரோடு தான் ஒரே பக்கத்தில் நின்றதில்லை என்றும், ஆயினும் இருவரும் நாடிய துறைமுகம் ஒன்றே என்றும் அவன் சொல்லுகிறான். இப்பாட்டின் ஆங்கில வடிவம் 1974-இல் டெரி ஜாக்ஸ் பாடி உலகெங்கும் பரவியது. அதில் கள்ளக்காதலன் இல்லை, அங்கதம் இல்லை. குருவானவரும் இல்லை, அவரிடத்தில் ஒரு தகப்பனார் வந்துவிட்டார். பாட்டை இனிமையாக்க முனைந்தவர்கள், விசுவாசமற்றவனும் ஊழியனும் மரணப்படுக்கையருகே கைகொடுத்துக்கொள்ளும் காட்சியை எடுத்தெறிந்துவிட்டார்கள்.

புகழின் உச்சியிலிருந்தபோதே, 1966-இல் ஒலிம்பியா அரங்கில் விடைபெற்று, 1967 மே மாதம் ரூபே நகரில் கடைசிக் கச்சேரியைப் பாடி மேடையை விட்டார். 1968-இல் டான் கிகோட்டேயாக இசைநாடகத்தில் நடித்தார். திரைப்படங்களில் நடித்தார், இரண்டை இயக்கினார். அவை இங்கே நம்மைத் தடுத்து நிறுத்தத் தேவையில்லை. 1974-இல் பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றக் கிளம்பியவருக்கு நுரையீரலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பயணத்தைத் தொடர்ந்து, 1975-இல் பசிபிக் பெருங்கடலின் மார்க்கேசாஸ் தீவுக் கூட்டத்தில் ஹிவா ஓவாவை அடைந்து, அங்கே தங்கிவிட்டார். சிறு விமானமொன்றை வாங்கித் தீவுகளுக்கிடையே தபாலையும் நோயாளிகளையும் தாமே ஏற்றிச் சென்றார். பள்ளி நடத்திய கன்னியர்கள் அவருக்கு நண்பர்களாயினர். பக்திமான்களை எள்ளியவர்தான் அவர். இதற்கு விளக்கம் தேடி நான் அலையப்போவதில்லை.

1977-இல் பாரிசுக்கு வந்து கடைசி இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அதிலுள்ள ‘கடவுள்’ என்னும் பாட்டு, நீ கடவுளாயிருந்தால் என்று ஒருவனை நோக்கித் தொடங்குகிறது. கடவுளாயிருந்தால் முதியோரும் ஏழைகளும் எவ்வளவு களிகூர்வார்கள் என்று காட்டுகிறது. நீ கடவுள் அல்ல, அதைவிட மேலான மனிதன் என்று முடிகிறது. இங்கும் அதே ‘ஆல்’ விகுதி. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தொழுவத்தின் முன்னே நின்று கேட்ட அதே இலக்கணம்! அன்று அந்த ஐயம் மேலே நோக்கியது. இன்று பக்கத்திலிருப்பவனை நோக்குகிறது. மனிதனை உயர்த்தக் கடவுளைத் தாழ்த்த வேண்டும் என்று அவர் கருதினார். வார்த்தை மாம்சமானது என்று படித்த நமக்கு அந்தத் தெரிவு கட்டாயமானதன்று. ஆனால் அவருக்கு அறிமுகமான கடவுள், மேலேயிருந்து கீழே வராத கடவுளாகவே இருந்திருப்பாரோ என்று ஐயுறுகிறேன். அந்த அறிமுகத்தைச் செய்துவைத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

1978 அக்டோபர் 9-ஆம் நாள் பாரிசையடுத்த பொபினி மருத்துவமனையில், நாற்பத்தொன்பது வயதில் பிரெல் மறைந்தார். உடலை ஹிவா ஓவாவுக்குக் கொண்டுபோய், அத்துவோனாவில் ஓவியர் கோகனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்திற்குக் கல்வாரி என்று பெயர். அதைக் கொண்டு அவரை மறுபடியும் நம்மவராக்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.