ஏலக்காய் நடக்க எந்தக் கேமரா?

பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் செய்ய ஆசைப்படும் மாணவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முழு எச்டி படத்தின் ஒரு பிரேம் 1920க்கு 1080 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2 மெகாபிக்சல். 4கே என்றாலும் 8ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 2005ல் தியேட்டருக்கு வந்த 'கார்ப்ஸ் பிரைட்' என்ற முழுநீள பொம்மைப் படத்தை எடுத்த கேனான் 1டி மார்க் டூ கேமராவே 8 மெகாபிக்சல்தான். முதலில் கேட்க வேண்டியது வேறு. முதல் படம் எடுத்தபோது இருந்த ஃபோகஸும் வெளிச்ச அளவும் நிறமும் நூறாவது படத்திலும் அப்படியே நிற்குமா?

தமிழக-கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டில் ஏலத்தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டு அறையில் மேசையைப் போட்டு, மூன்று வகைக் கேமராக்களை இந்தக் கேள்வியோடு சோதித்தேன். நடிகர்கள் ஒரு க்ளே பொம்மையும் சில உலர்ந்த ஏலக்காய்களும். பச்சைக் காய் உதவாது. எடுத்து முடிப்பதற்குள் சுருங்கி நிறம் மாறிவிடும். நொடிக்கு 12 படம் என்று வைத்தால், ஒரு நிமிடத்துக்கு 720 முறை பொருளைத் தொட்டு நகர்த்த வேண்டும். கம்பம்மெட்டிலிருந்து கம்பத்துக்கும் நெடுங்கண்டத்துக்கும் படிக்கப் போகிற, பத்தாயிரம் ரூபாய் புரட்டுவதே பெரும்பாடாக இருக்கிற பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், ஏற்கெனவே கையில் இருக்கும் போன். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற செயலி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடுகிறது; இலவச வடிவமே தொடங்கப் போதும். முந்தைய பிரேமை மங்கலாக மேலே காட்டுவதால், ஏலக்காயை எவ்வளவு தள்ளினோம் என்று கண்ணால் அளக்கலாம். போனின் சிக்கல் அதன் புத்திசாலித்தனம். பொம்மை கொஞ்சம் பக்கத்தில் வந்ததும் ஃபோகஸை மாற்றும். என் கை ஓரமாகத் தெரிந்தாலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். ஓடவிட்டுப் பார்த்தால் காட்சி துடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே செயலியின் கேமரா அமைப்பில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட வேண்டும். விலை குறைந்த சில போன்களில் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ பூட்டுக்கு வராது. உங்கள் போன் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் வேறு கேமராவுக்குக் காசு ஒதுக்கவேண்டும்.

இன்னொன்று, திரையைத் தொட்டுப் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தொடலுக்கும் போன் துளி அசையும். புளூடூத் ரிமோட் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்டாண்டின் காலையும் மேசையின் காலையும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிடுங்கள். மூன்றும் பூட்டுகிற போன், நல்ல ஸ்டாண்ட், ரிமோட் இருந்தால் முதல் ஆண்டுக்கு வேறெதுவும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வெப்கேமும் பார்த்தேன். லாஜிடெக் சி920 போன்றவற்றில் ஆட்டோஃபோகஸை அணைக்க முடியும், லேப்டாப் திரையில் பெரிதாகப் பார்த்து வேலை செய்யலாம். ஆனால் அந்த விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் பழைய டிஎஸ்எல்ஆர் வந்துவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனம் நின்றது அந்தப் பழைய டிஎஸ்எல்ஆரில்தான். கேனான் 1100டி, 2011ல் வந்தது, 12 மெகாபிக்சல். செகண்ட் ஹேண்டில் பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. லைவ் வியூ உண்டு. யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்தால் கேனானின் இலவச மென்பொருளிலிருந்தே படம் எடுக்கலாம், கேமராவில் கை படவே வேண்டாம். எல்லாவற்றையும் மேனுவலில் வைத்தால் அது தானாக எதையும் மாற்றாது. ஒரே ஒரு விஷயம் தவிர. இன்றைய லென்ஸ்களில் ஒளி புகும் துளை (அபர்ச்சர்), ஒவ்வொரு படத்துக்கும் சுருங்கி மறுபடி விரியும். ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கும். தனிப் படத்தில் அது தெரியாது. 12 படம் ஒரு நொடியில் ஓடும்போது மினுக்கல் தெரியும்.

'கார்ப்ஸ் பிரைட்' குழுவினர் கேனான் பாடியில் நிக்கான் லென்ஸைத்தான் மாட்டினார்கள். துளையைக் கையால் திருப்பி வைக்கும் வளையம் பழைய நிக்கான் லென்ஸ்களில் உண்டு. வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். நிக்கானில் லென்ஸ் மாட்டும் விளிம்புக்கும் சென்சாருக்கும் 46.5 மில்லிமீட்டர், கேனானில் 44. இடையில் கிடைக்கும் இரண்டரை மில்லிமீட்டரில் ஒரு சாதாரண உலோக வளையம் உட்கார்ந்துவிடுகிறது. நிக்கான் பாடியில் கேனான் லென்ஸை இப்படிப் பொருத்த முடியாது. துளை வளையமுள்ள பழைய 50 மிமீ நிக்கான் லென்ஸைப் போட்டதும் மினுக்கல் நின்றது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல கூட்டணி எனக்குத் தெரியவில்லை.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆனால் இந்த மலைக்காரர்கள் அதைவிடக் கவனிக்க வேண்டியது லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்பதை. ஈரக் காற்று ஏலத்துக்கு உயிர், கண்ணாடிக்கு எமன். துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி இழைபோல ஏதாவது படர்ந்திருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பாட்டரிக்குப் பதிலாகச் செருகும் மின் இணைப்பு அடாப்டரும் சேர்த்து வாங்குவது நல்லது. பாதிக் காட்சியில் பாட்டரி மாற்றக் கேமராவைத் தொட்டால், சட்டகம் பழைய இடத்துக்குத் திரும்பாது.

எந்தக் கேமராவானாலும் வெளிச்சம் ஆடினால் தீர்ந்தது. மேட்டில் பனிமூட்டம் ஏறுவதும் கலைவதும் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பவே முடியாது. கறுப்புத் துணியால் ஜன்னலை அடைத்தேன். பல்பு வெளிச்சமும் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது கூடிக் குறையும். பவர் பேங்கில் எரியும் சின்ன எல்இடி விளக்குகள் அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து காப்பாற்றின. கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஷட்டரை கால் நொடி, அரை நொடி என்று நீளமாக வைத்தால், விளக்கில் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு இருந்தாலும் சராசரியாகி மறைந்துவிடும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையோடு குனிந்து நிமிர்ந்தால் அதுவே மேசைக்கு இன்னொரு விளக்கு.

வசதி போதவில்லை என்று தயங்க வேண்டாம். 1912ல் இந்திய சினிமாவின் முன்னோடி தாதாசாகேப் பால்கே ஒரு தொட்டிப் பட்டாணிச் செடியை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்து, அது வளர்வதை ஓட்டிக் காட்டினார். 1915ல் தீக்குச்சிகளை ஆடவைத்தார். கையால் சுழற்றும் கேமரா காலம் அது. இன்றைய மலிவான போனில் இருக்கும் வசதி எதுவும் அவரிடம் இல்லை.

வேலை முடிந்ததும் லென்ஸைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் திணிக்க வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஜூன் மழை தொடங்குவதற்கு முன்பே அவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.