நீதியரசர் கிருஷ்ண ஐயர்: தீர்ப்பின் வலிமையும் எல்லையும்

2014இல் மறைந்த நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயரைப் பற்றி எழுதுவோர் பலரும், 1975 யூன் 24 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் அவர் பிறப்பித்த இடைக்காலக் கட்டளையையே முதலிற் குறிப்பிடுவர். மறுநாள் அவசரநிலை பிரகடனப்படுத்தப்பட்டமையால் அது வரலாற்றுப் புகழ் பெற்றது. ஆயின், பிரதமர் பதவியில் நீடிக்கலாம், பாராளுமன்றத்தில் வாக்களிக்கலாகாது என்ற அக்கட்டளை முன்னைய வழக்குகளின் தடத்திற் சென்றதேயன்றிச் சீர்திருத்தவாதியின் கைவண்ணத்தை அதிற் காண்பதற்கில்லை. அவரை அளக்கவேண்டிய இடம் சிறைச்சாலையே.

மலபாரில் வழக்கறிஞராகத் தொழிலாளருக்காகவும் விவசாயிகளுக்காகவும் வாதாடிய அவர், 1948இல் தாமே சிறைப்பட்டார். 1957இல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவையிற் சட்டத்துக்கும் சிறைகளுக்கும் பொறுப்பான அமைச்சரானார். கைதியாகவும் அமைச்சராகவும் சிறையைக் கண்ட ஒருவர் 1973இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தமை சாதாரண நிகழ்வன்று. தில்லி திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி, சக கைதியொருவர் சித்திரவதைக்குள்ளானதைக் கடிதமூலம் அறிவித்தபோது, அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது.

1978இல் வந்த பிணை வழக்கும் இத்தகையதே. மத்தியப் பிரதேசத்து மேசன் தொழிலாளி ஒருவரைப் பிணையில் விடுமாறு உச்ச நீதிமன்றம் பணித்த பின்னரும், கீழ்நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாவுக்குப் பிணையாளி கேட்டது. சகோதரர் முன்வந்தார்; அவரது சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென அதுவும் மறுக்கப்பட்டது. ஐயர் ஆயிரம் ரூபாச் சொந்தப் பிணையில் அத்தொழிலாளியை விடுவித்தார். இவ்வாறு ஏழைகளுக்காக எழுதப்பட்ட தீர்ப்புகளின் ஆங்கிலமோ சட்டத்தரணிகளே அகராதியைத் தேடுமளவு கடினமானது. இம்முரண்பாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

இதனினும் பெரிய குறை, நீதிபதியின் மனச்சாட்சியிலேயே சீர்திருத்தத்தை ஊன்றியமையாகும். குற்றத்தின் கொடூரம் மட்டும் தூக்குத் தண்டனைக்குப் போதாது, குற்றவாளி சமூகத்துக்கு நீங்காத அபாயமாக இருத்தல் வேண்டும் என 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் அவர் தீர்ப்பெழுதினார். அது மூவரில் இருவரின் முடிவு. 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐவர் குழாமின் பெரும்பான்மையினர் அதனை ஏற்க மறுத்தனர். மாறாக, 1973இல் அவர் தலைமையிலான குழு வலியுறுத்திய இலவச சட்ட உதவி, 1976இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டு, 1987இற் சட்டமாகி நிலைபெற்றது. பிணைத் தீர்ப்போ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மேற்கோளாக அது இன்றும் வழங்குகிறது. ஆயினும் 2022ஆம் ஆண்டிறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பளிக்கப்படாத விளக்கமறியற் கைதிகளே.