மலிவுப் பதிப்பும் அதன் விலையும்: கடதாசி அட்டை நூற் சேகரிப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நூலின் பெறுமதி எங்கே தங்கியுள்ளது என்னும் வினா இலக்கிய விமர்சனத்துக்குப் புதியதன்று. அவ்வினாவுக்கு விமர்சனம் ஒரு விடையையும் நூற் சந்தை பிறிதொரு விடையையும் அளித்து வந்துள்ளன. இவ்விரு விடைகளும் மிகக் கூர்மையாக முரண்படும் இடமாக, மேலை நாடுகளிலே பழைய கடதாசி அட்டை நூல்களைச் சேகரிப்போர் மத்தியில் நிலவும் விலைமதிப்பைக் குறிப்பிடலாம். ஆறு பென்சுக்கும் இருபத்தைந்து சதத்துக்கும் விற்கப்பட்டு, வாசித்தபின் எறியப்படும் என்ற எதிர்பார்ப்புடனேயே அச்சிடப்பட்ட நூல்களிற் சில இன்று நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான, டொலருக்கு விலைபோகின்றன. எவை அவ்வாறு விலைபோகின்றன, ஏன் விலைபோகின்றன, அவ்விலை இலக்கிய மாணவர்க்கு எதனை உணர்த்துகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விலைப்பட்டியல் ஒன்றைத் தருவது எமது நோக்கமன்று.

1

கடதாசி அட்டை நூல் இருபதாம் நூற்றாண்டில் திடீரெனத் தோன்றியதன்று. யேர்மனியின் லைப்சிக் நகரிலே தவுக்நிட்ஸ் நிறுவனம் 1841 முதல் ஆங்கில நூல்களை இவ்வடிவில் வெளியிட்டு வந்தது. ஆயினும் அது பயணிகளின் தேவையை முன்னிட்டே பெரும்பாலும் இயங்கியது. வெகுசன வாசிப்பின் சாதனமாக அவ்வடிவம் மாறியது 1935 யூலை 30ஆம் திகதி அலன் லேன் தமது முதற் பத்துப் பெங்குயின் நூல்களை இங்கிலாந்தில் வெளியிட்டபோதேயாகும். புனைகதைக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என நிறம் வகுக்கப்பட்டது. விலை ஆறு பென்சு. ஹெமிங்வேயும் அகதா கிறிஸ்ரியும் அப்பத்தில் இடம்பெற்றனர். அவை யாவும் முன்னரே கெட்டி அட்டையில் வெளிவந்த நூல்களின் மறுபதிப்புகளே.

அமெரிக்காவில் 1939இல் றொபேட் டி கிராவ் தொடக்கிய பொக்கற் புக்ஸ் நிறுவனம் இருபத்தைந்து சத விலையை நிலைநாட்டியது. இந்நூல்கள் புத்தகக் கடைகளோடு நில்லாது பத்திரிகைக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் சென்றன. நூல் சஞ்சிகையின் விநியோகப் பாதையிற் சென்றமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த மாற்றமாகும். சஞ்சிகையைப் போலவே அதுவும் வாரந்தோறும் இடம் மாற்றப்படும் பண்டமாயிற்று. விற்கப்படாத பிரதிகள் அழிக்கப்பட்டன. நூலகங்கள் அவற்றைப் பேணவில்லை. தாளோ மரக்கூழின் அமிலத்தன்மையால் விரைவிற் பழுப்பேறி முறியும் இயல்பினது. தையல் இன்றிப் பசையால் ஒட்டப்பட்ட முதுகு சிலமுறை விரித்தாலே பிளந்துவிடும். இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட நூல் அரும்பொருளாகும் விந்தைக்கு இவ்வுற்பத்தி முறையே அடிப்படையாகும்.

2

சேகரிப்போர் வழங்கும் விலையை ஆராயுமிடத்து முதலிற் புலப்படுவது அருமை என்னும் அளவுகோலாகும். பொக்கற் புக்ஸ் தன் தொடரைத் தொடங்குமுன், 1938இல், பேர்ள் பக்கின் 'த குட் ஏர்த்' நாவலைச் சோதனைப் பதிப்பாகச் சிறு தொகையில் அச்சிட்டது. அந்நாவலின் பிற பதிப்புகள் எங்கும் மலிந்து கிடக்க, இச்சோதனைப் பதிப்பு மட்டும் பெருவிலை பெறுகின்றது. இரண்டிலும் பாடம் ஒன்றே. பெங்குயினின் தொடக்ககால நூல்கள் அட்டையின்மேல் அதனையொத்த மேலுறையுடனும் விற்கப்பட்டன. அம்மெல்லிய மேலுறை கிழிந்தோ எறியப்பட்டோ போயிற்று. அது எஞ்சிய பிரதிக்கும் எஞ்சாத பிரதிக்கும் இடையிலான விலை வேறுபாடு மிகப் பெரிது. ஆறு பென்சு நூலின் உறைத்தாள், நூலைவிடப் பெறுமதி வாய்ந்ததாகிவிட்டது.

இரண்டாவது அளவுகோல் பிரதியின் நிலை. முதுகிலே வாசிப்பால் விழும் மடிப்புக்கோடு உண்டா, மூலைகள் மழுங்கியுள்ளனவா, மினுங்கும் மேற்படலம் உரிந்துள்ளதா எனச் சேகரிப்போர் நுணுகி நோக்குவர். இங்குதான் எமது கவனத்துக்குரிய முரண்பாடு வெளிப்படுகின்றது. வாசிப்பு என்னும் செயல் நூலின்மேற் பதிக்கும் ஒவ்வொரு தடமும் அதன் விலையைக் குறைக்கின்றது. எவராலும் வாசிக்கப்படாத பிரதியே உயர்ந்த பிரதி. பயன்பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் ஒன்றையொன்று இவ்வளவு வெளிப்படையாக மறுதலிக்கும் பண்டங்கள் சிலவே. வாசிப்பை மலிவாக்குவதற்கென்றே பிறந்த வடிவம், வாசிக்கப்படாமையால் மதிப்புப் பெறுகின்றது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினருக்கென 1943 முதல் 1947 வரை 1,322 வெளியீடுகள், பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட பிரதிகளாக, இலவசமாக விநியோகிக்கப்பட்டன. சஞ்சிகை அச்சியந்திரங்களில் இரண்டிரண்டாக அச்சிட்டு வெட்டப்பட்ட இந்நூல்கள், சட்டைப்பையில் அடங்கும் அகன்ற வடிவின. ஸ்கொற் பிற்ஸ்ஜெரல்டின் 'த கிரேட் கற்ஸ்பி' ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளாகச் சென்றது. 1940இல் அவ்வாசிரியர் இறந்தபோது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த நாவல் அது. அதன் பிற்காலப் புகழுக்குப் படைமுகாம்களின் வாசிப்பும் ஒரு காரணம் எனக் கொள்வது பொருந்தும். இந்நூல்கள் கைமாறிக் கைமாறிக் கிழிந்தவை. அழுக்கேறிய பிரதியே அவற்றின் உண்மை வரலாறாகும். சந்தை அதனையும் குறையென்றே கணக்கிடுகின்றது.

3

மறுபதிப்புகளை விட்டு, கடதாசி அட்டையிலேயே முதன்முதல் வெளிவந்த ஆக்கங்களுக்கு வருவோம். இங்கு விடயம் மேலும் செறிவுடையதாகின்றது. பிறரது கடதாசி அட்டை நூல்களை விநியோகித்து வந்த போசெற் நிறுவனம், ஒப்பந்தக் கட்டுப்பாட்டினால் மறுபதிப்பு வெளியிட இயலாது, 1950இல் கோல்ட் மெடல் என்னும் பெயரில் மூலப்படைப்புகளை வெளியிடலாயிற்று. வணிக நெருக்கடி ஒன்றிலிருந்து புதியதோர் இலக்கியக் களம் உருவாயிற்று. மதிப்புரைகள் இக்களத்தை நாடவில்லை, பல்கலைக்கழகங்கள் அறியவில்லை. கெட்டி அட்டைப் பதிப்பகங்கள் ஏற்கத் தயங்கியவற்றுக்கு இங்கு இடம் கிடைத்தது.

1953இல் ஏஸ் நிறுவனம் முப்பத்தைந்து சத விலையில் வெளியிட்ட 'ஜங்கி' இதற்குத் தலையாய சான்று. வில்லியம் லீ என்ற புனைபெயரில் அதை எழுதியவர் வில்லியம் பரோஸ். போதைப்பொருளுக்கு அடிமையானவனின் தன்வரலாற்றுப் பாங்கான இந்நூலைத் தனியே வெளியிட அஞ்சிய பதிப்பகம், போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவரின் நூலை அதனோடு தலைகீழாகப் பிணைத்து, இரண்டு முன்னட்டைகள் கொண்ட ஒரே நூலாக்கியது. பாடத்தினிடையே மறுப்புக் குறிப்புகளையும் செருகியது. ஒரு சமுதாயம் தன்னால் மறைக்கவும் முடியாத, ஏற்கவும் இயலாத அனுபவத்தை எவ்வாறு அச்சேற்றியது என்பதை அவ்விரட்டை அட்டையே காட்டுகின்றது. சேகரிப்போர் பெரிதும் நாடும் நூல்களுள் இதுவும் ஒன்று. இங்கே சந்தையின் விருப்பும் இலக்கிய வரலாற்றின் தேவையும் இணைகின்றன. வெட்டுண்ட பகுதிகள் பல சேர்க்கப்பட்ட பதிப்பு 1977இல் வெளிவந்துவிட்டது எனினும், முதற்பதிப்பின் வடிவம் தரும் வரலாற்றுச் செய்தியைப் பிந்திய பதிப்புத் தரமாட்டாது.

ஜிம் தொம்சனின் 'த கில்லர் இன்சைட் மீ' 1952இல் லயன் புக்ஸ் வெளியீடாக வந்தது. கொலைகாரனான ஒரு சட்ட அலுவலனே கதையைச் சொல்லும் முறையால் வாசகனை அக்கொலைமனத்துள் இருத்தும் நாவல் அது. 1977இல் ஆசிரியர் இறந்தபோது அவரது நூல்கள் அமெரிக்காவில் அச்சில் இல்லை. பிரான்சிலோ அவர் மதிக்கப்பட்டார். 1966இல் அங்கு புகழ்பெற்ற குற்றக்கதைத் தொடரின் ஆயிரமாவது நூலாக அவரது நாவலே தெரிவாயிற்று. இன்று அவரது முதற்பதிப்புகளுக்குக் கொடுக்கப்படும் பணத்தில் ஒரு சதமேனும் அவரைச் சேரவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. சேகரிப்புச் சந்தை எழுத்தாளனுக்கு அளிக்கும் மரியாதை பெரும்பாலும் இவ்வாறு காலங்கடந்ததே.

அட்டைப்படம் விலையை நிர்ணயிக்கும் இடங்களும் உள. 1948இல் வெளிவந்த 'றிபோம் ஸ்கூல் கேர்ள்' சேகரிப்போரிடையே மிகப் பெயர்பெற்றது. அதன் புகழ் முழுவதும் அட்டையில் உள்ள இளம்பெண்ணின் நிழற்படத்தைச் சார்ந்தது. நாவலோ பெலிஸ் சுவாடொஸ் 1941இல் வேறு தலைப்பில் கெட்டி அட்டையில் வெளியிட்டது; சீர்திருத்தப் பள்ளிச் சிறுமியரின் வாழ்வைப் பேசுவது. ஆசிரியர் 1945இல் இறந்துபோனார். தமது நூலின் புதிய தலைப்பையும் அட்டையையும் அவர் கண்டதேயில்லை. பெருவிலை கொடுத்து அதனை வாங்குவோருள் எத்தனை பேர் உள்ளே உள்ளதை வாசித்திருப்பர் என நாம் வினவுதல் நியாயமே.

ஆயினும் கவர்ச்சி அட்டை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்தல் தவறாகும். மரிஜேன் மீக்கர், வின் பக்கர் என்ற பெயரில் 1952இல் எழுதிய 'ஸ்பிறிங் பயர்' பெண்கள் இருவரிடையிலான காதலைக் கூறுவது. அஞ்சல் அதிகாரிகள் நூலைப் பறிமுதல் செய்யக்கூடும் எனக் கூறி, மகிழ்ச்சியான முடிவு இருத்தலாகாது எனப் பதிப்பாசிரியர் வற்புறுத்தினார். அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று இத்தகைய நூல்களை விசாரணைக்கு உட்படுத்தியமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற இந்நூலைத் தம் வாழ்வின் ஒரே சான்றாகக் கருதி வாசித்த பெண்கள் பலர். அவர்களின் வாசிப்பு வரலாறு எந்தக் கல்வி நிறுவனத்தாலும் அன்று பதிவு செய்யப்படவில்லை. அதற்கான மூலாதாரத்தை அட்டைக்காக நூலைப் பேணிய சேகரிப்போரும் காத்துத் தந்துள்ளனர்.

4

மிக உயர்ந்த விலைகள் மேற்கூறியவற்றுக்கும் அப்பாற்பட்டவை. 1955இல் பாரிஸின் ஒலிம்பியா பிறெஸ் நபக்கோவின் 'லொலிற்றா'வைப் பச்சைக் கடதாசி அட்டையில் இரு தொகுதிகளாக வெளியிட்டது. பின்னட்டையில் 900 பிராங்க் என்ற விலை, பிந்திய விலைமுத்திரை இன்றி, உள்ளதா எனச் சேகரிப்போர் தேடுவர். அவ்வாண்டின் சிறந்த மூன்று நூல்களுள் ஒன்றாக அதனைச் சுட்டி விவாதத்தைக் கிளப்பியவர் கிரஹாம் கிறீன். நபக்கோவ் தம் கையால் வண்ணத்துப்பூச்சி வரைந்து கிறீனுக்கு அளித்த பிரதி 2002இல் நியூயோர்க் ஏலத்தில் 264,000 டொலருக்கு விற்பனையாயிற்று.

எமக்கு மேலும் முக்கியமாகத் தோன்றுவது மற்றொரு பிரதி. 1960இல் பெங்குயின் 'லேடி சற்றர்லீஸ் லவர்' நாவலின் முழுப்பாடத்தை மூன்று சிலிங் ஆறு பென்சுக்கு வெளியிட முனைந்து வழக்கை எதிர்கொண்டது. உங்கள் மனைவியோ வேலையாட்களோ வாசிக்க விரும்புவீர்களா என்ற கருத்துப்பட அரசதரப்பு வழக்கறிஞர் யூரர்களை வினவினார். அவ்வினாவில் ஒளிந்திருந்தது ஒழுக்கம் பற்றிய அச்சம் மட்டுமன்று. மலிவு பற்றிய அச்சமுமாகும். செல்வந்தர் அலுமாரியில் இருக்கும்வரை பொறுக்கக்கூடிய நூல், தொழிலாளியின் கைக்கு எட்டியதும் ஆபத்தாயிற்று. நவம்பர் 2ஆம் திகதி பெங்குயின் விடுவிக்கப்பட்டது. வழக்கை விசாரித்த நீதிபதி பேர்ண் பயன்படுத்திய பிரதியில் அவரது மனைவி பக்க எண்களோடு குறிப்புகள் எழுதியிருந்தார். அதை நீதிமன்றுக்குக் கொண்டு செல்லத் துணிப்பையும் தைத்துக் கொடுத்திருந்தார். அப்பிரதி 2018இல் 56,250 பவுணுக்கு ஏலம் போயிற்று. அது நாட்டை விட்டு வெளியேறாதவாறு பிரித்தானிய அரசு 2019இல் ஏற்றுமதியைத் தற்காலிகமாகத் தடுத்தது. பொதுமக்கள் நிதியும் சேர்ந்து, அவ்வாண்டே பிறிஸ்ரல் பல்கலைக்கழகம் அதனைப் பெற்றுக்கொண்டது.

இப்பிரதியின் விலை அருமையாலோ அழகாலோ வந்ததன்று. இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட பதிப்பு அது. வாசிக்கப்பட்டமையாலேயே, குறிப்பெழுதப்பட்டமையாலேயே, அது பெறுமதி பெற்றது. மனைவி வாசிக்கலாமா என்று கேட்கப்பட்ட மன்றத்தில், நீதிபதியின் மனைவியே வாசித்துக் குறித்த பிரதி இருந்தது. வரலாற்றின் இந்நகைமுரணை எந்தப் புதுக்கருக்குக் குலையாத பிரதியும் தரமாட்டாது.

5

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். சந்தை மதிக்கும் அருமை, நிலை, அட்டை, தொடர்பு ஆகிய நான்கும் இலக்கியத் தரத்தின் அளவுகோல்கள் அல்ல. விலை உயர்ந்தமையால் ஒரு நூல் சிறந்ததாகிவிடாது. அதேவேளை, பரோசையும் தொம்சனையும் வெளிவந்த காலத்தில் விமர்சனம் கவனியாது விட்டது என்ற உண்மையும் எஞ்சி நிற்கின்றது. அட்டையை வைத்து நூலை ஒதுக்கிய விமர்சகனும், அட்டைக்காக நூலை வாங்கும் சேகரிப்பாளனும் ஒரே தவறின் இரு முகங்களாவர்.

சேகரிப்போருக்கு நாம் கடன்பட்டுள்ளோம் என்பதை மறுப்பதற்கில்லை. நூலகங்கள் குப்பையெனத் தள்ளியவற்றை இலக்கமிட்டு, பதிப்புகளை வேறுபடுத்தி, நூல்விபரப் பட்டியல்களை முதலிற் செய்தவர் அவர்களே. ஆனால் தனியார் பெட்டகத்தில் உறையிட்டுப் பூட்டப்பட்ட நூல், ஆய்வாளனுக்கு அழிந்த நூலிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தின் செயல் இதனாலேயே முன்னுதாரணமாகின்றது.

இவ்வினா எமக்குத் தொலைவானதன்று. எழுபதுகளில் வெளிவந்த வீரகேசரிப் பிரசுரங்களும் மலிவான கடதாசி அட்டை நூல்களே. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அவ்வடிவிலேயே வாசகரை அடைந்தது. அவற்றுக்குப் பெருவிலை தரும் சந்தை தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மடிப்புக்கோடு விழுந்த, பெயரெழுதப்பட்ட, கைமாறிய பிரதிகளை, அத்தடங்களோடு பேணுதல் பல்கலைக்கழக நூலகங்களின் கடமையாகும். மக்களின் கைகளிலே தேய்ந்த நூலுக்கு மக்களின் வரலாற்றில் இடமுண்டு. அதற்கு விலை குறிப்பது சந்தையின் தொழில். அதன் பெறுமதியை உணர்த்துவது விமர்சனத்தின் பொறுப்பு.