யவனர் ஒரு வகுப்பில், ரோமர் வேறு வகுப்பில்

பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வயலூரை ஒட்டி வசவசமுத்திரம் இருக்கிறது. 1969-70இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, உறைகிணறுகளோடு மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. செங்கல்பட்டிலிருந்து தெற்கே போகையில் அதே பாலாற்றைத் தாண்டினால் படாளம். இந்த ஊர்ப் பிள்ளைக்கு ரோம் அப்படியொன்றும் அந்நியமில்லை. அந்நியமாக்கியது நம் பாடத்திட்டம்தான்.

ஆறாம் வகுப்பில், சங்க காலப் பாடத்தில் யவனர் வருகிறார்கள். மிளகு வாங்குகிறார்கள், பொன் தருகிறார்கள், போய்விடுகிறார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புகள் இடைக்கால இந்தியாவுக்கும் ஐரோப்பியர் வருகைக்கும் நகர்ந்துவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பின் ‘செவ்வியல் உலகம்’ பாடத்தில்தான் ரோம் முழுசாக வருகிறது. அதுவும் தனியாக அல்ல. கிரேக்கம், ஹான் சீனம், கிறிஸ்தவத்தின் எழுச்சி, பைசாண்டியம் எல்லாம் அந்த ஒரே பாடத்துக்குள். அதற்குள், மிளகு வாங்கிய யவனனும் இந்த ரோமானியனும் ஒரே ஆள் என்பது மாணவனுக்கு மறந்தே போயிருக்கும்.

அந்தப் பாடத்தைக் குறை மட்டும் சொல்லிவிட முடியாது. பேரரசர் பட்டியலோடு நிற்காமல் அடிமை முறையையும் சாமானியர் போராட்டத்தையும் அது பேசுகிறது. கிறிஸ்தவத்தைப் பக்திக் கதையாக்காமல், ரோமின் ஆட்சிக்குள் பிறந்த ஓர் இயக்கமாக வைத்துப் பார்க்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இது சின்ன விஷயமில்லை.

சறுக்கல் வகுப்பறையில் நடக்கிறது. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’வுக்காகச் சுருக்கிச் சுருக்கி, 313இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் உண்டு. அது தவறு. 313இல் கிடைத்தது வழிபாட்டு உரிமை மட்டுமே. அரச மதம் என்ற நிலை தியோடோசியஸ் காலத்தில், 380இல்தான் வந்தது. ஒடுக்கப்பட்ட ஒரு சமயம் பிறரை ஒடுக்கும் அதிகாரத்தோடு கைகோத்தது எப்படி என்பதற்கு விடை இந்த 67 ஆண்டுகளில் இருக்கிறது. பரீட்சைக்கு அது தேவைப்படுவதில்லை. மூன்று மதத்துப் பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வம்பெதற்கு என்று வேகமாகப் புரட்டிவிடும் ஆசிரியரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் பயப்படத் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. படாளத்தில் ரயில் ஏறினால் அதே தடத்தில் பரங்கிமலை. புனித தோமா அங்கே கி.பி. 72இல் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவர் இந்தியா வந்ததாக விரிவாகச் சொல்லும் ‘தோமாவின் பணிகள்’ சிரியாக் மொழியில் ஏறத்தாழ 3ஆம் நூற்றாண்டில் எழுந்த நூல். மலைமேல் 1547இல் கிடைத்த பஹ்லவி எழுத்துச் சிலுவை அதற்கும் சில நூற்றாண்டுகள் பிந்தியது. மரபு எது, நூல் எது, கல் எது என்று பிரித்துக் காட்டினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாராளமாகப் புரிந்துகொள்ளும். நம் கோயில்களின் தலபுராணத்துக்கும் இதே அளவுகோல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அது ஓரவஞ்சனை.

இன்னொன்று, ரோமப் பேரரசன் டைபீரியஸின் வெள்ளிக்காசு. கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுதி. டைபீரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. அவன் ஆட்சியில்தான், யூதேயாவின் ஆளுநர் பிலாத்துவின் ஆணைப்படி இயேசு சிலுவையில் அறையப்பட்டார். மிளகு வணிகம், பேரரசு, கிறிஸ்தவம் மூன்றும் அந்த ஒரே காசில் வந்து சேர்கின்றன. பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம், அதற்கு ஒன்பதாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டியதுமில்லை.

பாடத்திட்டம் மாறும்போது மாறட்டும். ஆசிரியர்கள் இந்த ஆண்டே ஆறாம் வகுப்பை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒரு நாள் கூட்டிப்போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகம் விடுமுறை.